எந்தக் கதைப் புத்தகத்தை முதலில் எடுப்பது? சேலத்து நூலகர் ஒருவரின் யோசனைகள்

“சார், நல்ல கதைப் புத்தகமா ஒண்ணு குடுங்க.”

சேலத்தில் ஒரு கிளை நூலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடுதான் வருவார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவர், அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த பிறகு மத்தியானத்தில் கொஞ்சம் நேரம் கிடைத்த அம்மா, டிஎன்பிஎஸ்சி புத்தகங்களுக்கு நடுவே மூச்சு விட வந்த இளைஞர், எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். நான் உடனே எழுந்து அலமாரிக்குப் போவதில்லை. திருப்பி ஒன்று கேட்பேன்: “கடைசியா நீங்க சாப்பாட்டை மறந்துட்டுப் பார்த்த படமோ சீரியலோ எது?”

நூலகத்தில் எதற்கு சினிமாவைப் பற்றிக் கேட்கிறார் என்று முதலில் விழிப்பார்கள். அப்புறம் சொல்லிவிடுவார்கள். ஒருவர் பேய்ப் படம் என்பார், ஒருவர் ராஜா காலத்துப் படம் என்பார், ஒருவர் குடும்ப சீரியலின் பெயரைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. புத்தகத்தைத் தொடாதவர் இருக்கலாம், கதை கேட்காதவர் கிடையாது. பாட்டியிடம் கேட்டிருக்கிறோம், கொட்டகையில் பார்த்திருக்கிறோம், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது நமக்குள் ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. அந்த ருசியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் படிப்பு நிற்கும். ‘படித்தே ஆகவேண்டிய பெரிய நூல்’ என்று யாரோ சொன்னதிலிருந்து தொடங்கியவர்களில் பலரை நான் மறுபடி பார்த்ததில்லை.

முதல் படி: அட்டை வாங்குங்கள், அலமாரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளை நூலகமே போதும். மாவட்ட மைய நூலகத்தில் புத்தகம் அதிகம், ஆனால் பக்கத்தில் இருப்பதற்குத்தான் அடிக்கடி போவோம். முகவரிச் சான்றும், சிறிய காப்புத் தொகையும், ஆண்டுச் சந்தாவும் கேட்பார்கள். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வீட்டு வரி கட்டும்போது ஒரு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. எனவே தயங்கித் தயங்கி உள்ளே வர வேண்டாம். அது உங்கள் பணத்தில் நடக்கிற இடம்.

உள்ளே வந்ததும் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஆங்கில ‘ஓ’ எழுத்தில் தொடங்கி 31, அப்புறம் 3 என்று இருந்தால் அது தமிழ்ப் புனைகதை. ‘ஓ’ என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ், 3 என்றால் கதை. கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2. இந்தக் கோலன் பகுப்பு முறையை வகுத்தவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பவை அதில் இரண்டு. என் வேலையே இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

இரண்டாம் படி: முதலில் மெலிந்த புத்தகம்

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். நான்கு ரோட்டுப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பெண் ஒருவர், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு புத்தகமே படித்ததில்லை என்று சொல்லி வந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. விருது வாங்கிய, எண்ணூறு பக்கத்துக்கு மேல் போகும் நாவல் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். எனக்கு மிகவும் பிடித்த நாவல். இரண்டாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எனக்கெல்லாம் இது வராதுங்க சார்” என்று போனார். ஆறு மாசம் வரவில்லை. தன்னால் முடியாது என்று அவரை நம்ப வைத்தது நான்தான். மறுபடி ஒருநாள் தங்கையோடு வந்தபோது கு. அழகிரிசாமியின் சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்து, “இதுல ‘அன்பளிப்பு’ மட்டும் படிச்சுட்டுக் கொண்டாந்து குடுத்துருங்க, போதும்” என்றேன். தொகுப்பு முழுவதையும் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்.

அதனால் யார் வந்தாலும் முதல் புத்தகமாக சிறுகதைத் தொகுப்பைத்தான் நீட்டுகிறேன். ஒரு கதைக்கு அரைமணி நேரம் போதும். ரேஷன் கடை வரிசையில் படிக்கலாம், ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது படிக்கலாம். முழுதாக ஒன்றை முடித்தோம் என்ற நிறைவு கிடைக்கும், அந்த நிறைவு அடுத்ததை எடுக்க வைக்கும். ‘அன்பளிப்பு’ கதையில் புத்தகப் பிரியரான ஒருவரைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் சாரங்கன் என்று ஒரு பையன். அவனுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லமாட்டேன். நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், கடைசிப் பக்கத்தில் இன்னமும் தொண்டை அடைக்கிறது. ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையையும் அதே மூச்சில் படித்துவிடுங்கள். அப்புறம் புதுமைப்பித்தன், அம்பை, வண்ணதாசன் என்று போகலாம். புதுமைப்பித்தன் 42 வயதிலேயே 1948-ல் போய்விட்டார். அந்தக் கோபமும் கேலியும் வேகமும் இன்றைக்கு எழுதியது மாதிரியே இருக்கும்.

மூன்றாம் படி: உங்கள் ருசியின் வழியில் நான்கைந்து புத்தகம்

ஒவ்வொரு ருசிக்கும் ஓர் ஏணி இருக்கிறது. எளிதான படியில் கால் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம். எனக்குத் தெரிந்த ஏணிகளைச் சொல்கிறேன்.

துப்பறியும் கதையில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். அங்கே எடுத்த படங்களில் ஒன்று 1950-ல் வந்த ‘திகம்பர சாமியார்’. எம். என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிவார். அந்தச் சாமியாரை முதலில் நாவலில் படைத்தவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். கொலை, ஆள்மாறாட்டம், மாறுவேஷம் என்று நம் தாத்தா பாட்டிகள் விளக்கு வெளிச்சத்தில் படித்த கதைகள் அவை. நடை இன்றைக்குப் பழசாகத் தெரியும். எனவே அதை முதலில் எடுக்காதீர்கள்.

முதலில் ராஜேஷ்குமார் அல்லது பட்டுக்கோட்டை பிரபாகர் எழுதியதில் ஒரு சின்ன நாவல் எடுங்கள். ஒரே இரவில் முடிந்துவிடும். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களைச் சிலர் இளப்பமாகப் பேசுவார்கள். நான் பேசமாட்டேன். பக்கத்தைப் புரட்ட வைப்பது பெரிய வித்தை, தமிழில் ஆயிரக்கணக்கானவர்களைப் படிக்கப் பழக்கியவை அந்தக் காகிதப் புத்தகங்கள். அடுத்த படி சுஜாதா. கணேஷ், வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள் வருகிற எந்த நாவலானாலும் சரி, நான் பெரும்பாலும் ‘கொலையுதிர் காலம்’ கொடுப்பேன். பேயா, விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுத்துக்கொண்டே போகும். அதற்கு மேல் அம்பையின் ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’. மும்பையில் துப்பறியும் சுதா குப்தா என்ற பெண்ணின் கதைகள். குற்றத்தைக் கண்டுபிடித்த பிறகும் அவள் மனம் அடங்காது, நம் மனமும் அடங்காது.

இந்த ஏணியின் உச்சிப் படியில் நான் வைத்திருப்பது துப்பறியும் கதையே இல்லாத ஒரு நாவல்: பூமணியின் ‘வெக்கை’. ‘அசுரன்’ படம் அதிலிருந்து வந்ததுதான். கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடும், செய்தவன் ஒரு சிறுவன் என்பதும் தெரிந்துவிடும். அப்பாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் மொத்தக் கதையும். யார் செய்தது என்று தேடித் தேடிப் படித்தவர், ஏன் செய்தான் என்று கேட்கத் தொடங்குகிற இடம் இது. துப்பறியும் நாவல்களை மட்டுமே படித்துவந்த கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் ‘வெக்கை’யை முடித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமலே இருந்தார். பிறகு, “இவர் எழுதினது இன்னும் இருக்குதுங்களா?” என்றார். ‘பிறகு’ நாவலை எடுத்துக் கொடுத்தேன்.

பேய்க்கதை பிடிக்கும் என்றால் இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்கள் இருக்கின்றன. தொலைக்காட்சியில் ‘மர்ம தேசம்’ பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யவே வேண்டாம். படித்து முடித்ததும் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’க்கு வாருங்கள். பத்துப் பதினைந்து பக்கம்தான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு படியுங்கள்.

சரித்திரக் கதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2022-லும் 2023-லும் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது நூலகத்துக்கு வந்த கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. ஐந்து பாகங்களையும் ஒரேயடியாகக் கேட்டார்கள். பாதிப் பேர் இரண்டாம் பாகத்தோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அந்த நாவல் 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்த தொடர். அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைக்கும்படி ஒவ்வோர் அத்தியாயமும் முடியும். மூன்றரை வருஷம் காத்திருந்து படித்ததை ஒரே வாரத்தில் விழுங்கினால் திகட்டத்தான் செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், சுந்தர சோழர், உத்தம சோழர் என்று பெயர்கள் வரிசை கட்டி வரும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

என்னைக் கேட்டால் கல்கியை ‘பார்த்திபன் கனவு’ வழியாகத் தொடங்குவேன். அளவில் சிறியது, ஓட்டம் வேகமானது. அதில் வரும் நரசிம்ம பல்லவரைப் பிடித்துப்போய்விட்டால் அவருடைய இளமைக் காலத்துக்கு ‘சிவகாமியின் சபதம்’ இருக்கிறது. அது முடிந்த பிறகு சோழ நாட்டுக்குப் போகலாம். கல்கி நமக்கு அயலாரும் இல்லை. 1920களின் கடைசியில் ராஜாஜி நடத்திய திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குக்காக வந்த ‘விமோசனம்’ பத்திரிகையில் வேலை செய்தவர். அப்போது திருச்செங்கோடு சேலம் மாவட்டம்.

கடலும் கப்பலும் வாள்சண்டையும் இன்னும் அதிகமாக வேண்டும் என்பவர்களுக்குச் சாண்டில்யனின் ‘கடல் புறா’, ‘யவன ராணி’. ராஜாக்களே வேண்டாம், நம் அப்பா காலத்துச் சரித்திரம் வேண்டும் என்றால் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1948-ல் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த நாட்களை கிரிக்கெட் ஆடும் ஒரு செகந்திராபாத் தமிழ்ப் பையனின் கண் வழியாகப் பார்க்கலாம். அரண்மனை சதியைவிட அந்தத் தெருக்களில் நடப்பது எனக்கு அதிகம் பயமாக இருந்தது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். அதை ஒரு வருஷம் கழித்து எடுங்கள்.

காதல், குடும்பக் கதை. எங்கள் நூலகத்தில் அட்டை கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து போகிற புத்தகங்கள் ரமணிசந்திரனுடையவைதான். பட்டறையிலும் கடையிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குச் சமையலறையை ஒழித்த பிறகு ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொள்கிற ஒரு மணி நேரம் அது. அதை மட்டமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அவருடைய கதைகள் அலுக்கத் தொடங்கும்போது லக்ஷ்மியைக் கேளுங்கள். டாக்டராக இருந்தவர், ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது வாங்கியவர். பிறகு தி. ஜானகிராமனின் ‘மோக முள்’. கும்பகோணத்து வெயில், சங்கீதம், தன்னைவிட மூத்த பெண்மேல் ஒருவனுக்கு வரும் தீராத ஆசை. முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். குடும்பம் என்ற சொல்லை அடியோடு புரட்டிப் பார்க்க விரும்பினால் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கதைக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 2021-ல் நடப்பதாக 1980களிலேயே எழுதியது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பிடிக்காத ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்றால் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. போரும் சாகசமும் வேண்டுமானால் பா. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மலேயாவும் இந்தோனேசியாவும் கண்முன் வரும். அதன் பேச்சுநடை பழக இருபது பக்கம் ஆகும், பிறகு கீழே வைக்கமாட்டீர்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று வருகிற பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். காமிக்ஸைப் பிடுங்காதீர்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இன்று என் நூலகத்தில் தடித்த நாவல்களைக் கேட்டு வாங்குகிறார்கள். கூடவே இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைக் கொடுங்கள். சின்னப் புத்தகம்தான், பிள்ளை படித்த பிறகு நீங்களும் படியுங்கள்.

நான்காம் படி: நம் மண்ணின் கதைகள்

ருசிப்படி நான்கைந்து புத்தகம் முடித்தவரை நான் இந்தப் பக்கம் திருப்பிவிடுவேன். தனக்குத் தெரிந்த வெயிலும் தன் வீட்டுப் பேச்சும் அச்சில் வந்திருப்பதை முதல் தடவை பார்க்கும்போது ஒருவர் முகத்தில் வருகிற மாற்றத்துக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்வேன்.

பெருமாள்முருகன் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அவர் பிறந்த 1966-ல் அதுவும் சேலம் மாவட்டம்தான், 1997-ல்தான் நாமக்கல் தனியாகப் பிரிந்தது. அவரை எந்த வரிசையில் படிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் வரிசை இது. முதலில் ‘பூனாச்சி’. ஒரு வெள்ளாட்டின் வாழ்க்கை, பஞ்சமும் பசியும் அரசாங்கமும் ஓர் ஆட்டுக்குட்டியின் பக்கத்திலிருந்து. அடுத்து ‘நிழல்முற்றம்’. டூரிங் கொட்டகை, சோடாக்கடை என்று வளர்ந்தவர்களுக்கு அந்த நாவலின் வாசனைகூடத் தெரியும். மூன்றாவது ‘கூளமாதாரி’. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலியச் சிறுவனின் கதை. மேய்ச்சல் காட்டில் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டையும் அவர்கள் படும் அடியையும் ஒரே குரலில் சொல்லியிருப்பார். அதில் பண்ணையக்காரர்களாக வருவது நம்மில் பலருடைய தாத்தாக்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை என்று என்னிடம் சொன்ன பெரியவர் ஒருவர் உண்டு. நான்காவது ‘ஆளண்டாப்பட்சி’. பங்காளிச் சண்டையில் மனம் வெறுத்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புது நிலம் தேடிப் போகிற முத்துவின் பயணம். இதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023-ல் ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. ‘மாதொருபாகன்’ பற்றிச் செய்தியில் கேள்விப்பட்டு அதை மட்டும் கேட்டு வருகிறவர்களும் உண்டு. தாராளமாகத் தருவேன். ஆனால் முதலில் ‘பூனாச்சி’யைப் படித்துவிட்டு வாருங்கள், அந்தக் குரல் பழகட்டும் என்று சொல்வேன்.

இவருக்கெல்லாம் முன்னால் 1942-லேயே ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ எழுதிவிட்டார். புருஷனை இழந்த ஒரு குடியானவப் பெண் கொழுந்தனிடம் பங்கு கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. மெலிந்த புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிற கதை.

சரி, மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் கொல்லிமலையிலும் இருக்கிறார்கள். கொல்லிமலை மக்களை வைத்து கு. சின்னப்ப பாரதி எழுதிய நாவல் ‘சங்கம்’. வட்டிக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் அவர்கள் படும் பாடும், ஒன்றுசேர்வதும் அதில் இருக்கிறது. ஏற்காட்டுக்கு விருந்தினராகப் போய்வருகிற நாம், அந்த மலைகளைச் சொந்தமாகக் கொண்டவர்களைப் பற்றிப் படிக்க இது நல்ல வாசல். ஏற்காட்டில் இருப்பது காபித் தோட்டம். தேயிலைத் தோட்டத்தின் கதைக்கு வால்பாறைக்குப் போக வேண்டும். அங்கே டாக்டராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை அதுதான். சமவெளியில் பசி தாங்காமல் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறியவர்கள் இறங்கவே முடியாமல் போன கதை. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ சத்தியமங்கலம் காட்டில் நடப்பது. அதில் வரும் சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை. இளகிய மனம் உள்ளவர்கள் யாரிடமாவது கேட்டுவிட்டு எடுப்பது நல்லது என்று இதை மட்டும் எச்சரித்தே கொடுக்கிறேன்.

மலைக்கதையை மலையில் படியுங்கள் என்பது என் சொந்த ஆசை. ஆனால் பேருந்தில் வேண்டாம், இருபது கொண்டை ஊசி வளைவிலும் எழுத்து சுற்றும், தலையும் சுற்றும். மேலே போய் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, ஏரிக்கரையில் கூட்டம் இல்லாத பக்கமாக உட்காருங்கள். காபிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும் கண்ணில் படும். கூலி பேசுகிற பக்கங்களை அங்கே படிப்பது வேறு மாதிரி இருக்கும்.

ஐந்தாம் படி: பக்கத்து மாநிலம், அப்புறம் பக்கத்து நாடு

மொழிபெயர்ப்பு என்றாலே கடினம் என்று ஒரு பயம் இருக்கிறது. மோசமான மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. அதனால் ஆசிரியர் பெயரோடு மொழிபெயர்த்தவர் பெயரையும் பார்த்து எடுங்கள். தகழியின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ இரண்டையும் மலையாளத்திலிருந்து கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. தமிழிலேயே எழுதியதுபோல் ஓடும். வங்காளத்திலிருந்து தாராசங்கர் பந்தோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, த. நா. குமாரஸ்வாமியின் தமிழில். நாடி பிடித்துப் பார்த்தே மரணம் வரும் நாளைச் சொல்லிவிடும் கிழட்டு வைத்தியரும், ஊசியோடு வரும் இளைய டாக்டரும். வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். கடல் தாண்ட வேண்டுமானால் ‘குட்டி இளவரசன்’. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகள் புத்தகம்போலத் தெரியும், நாற்பது வயதில் படித்தால் வேறொன்றாக இருக்கும்.

படிக்கும்போது

ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லையா, கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன், எழுத்தாளரும் கோபித்துக்கொள்ளமாட்டார். ஒரு வருஷம் கழித்து அதே புத்தகம் உங்களைப் பிடித்து உட்கார வைக்கலாம், எனக்கே நடந்திருக்கிறது. வட்டாரச் சொல் புரியவில்லை என்றால் நிறுத்தாமல் மேலே படியுங்கள். மூன்றாவது தடவை வரும்போது பொருள் தானாக விளங்கும். அப்போதும் விளங்காவிட்டால் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், அவர்கள் அந்தச் சொல்லோடு வேறு கதையும் சொல்வார்கள். நூலகப் புத்தகத்தில் பேனாவால் கோடு மட்டும் போடாதீர்கள். பிடித்த வரியைத் தனி நோட்டில் எழுதி, புத்தகத்தின் பெயரையும் முடித்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். சூரமங்கலத்திலிருந்து வரும் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் அப்படி எழுதி மூன்று நோட்டு நிரப்பியிருக்கிறார். அவர் அடுத்து என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்பதே இல்லை, அவர் நோட்டைப் பார்த்து நான்தான் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்ட புத்தகம் அலமாரியில் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடாதீர்கள். வெளியே போயிருந்தால் எப்போது வரும் என்று கேளுங்கள், எங்களிடம் இல்லவே இல்லை என்றால் பரிந்துரை நோட்டில் எழுதுங்கள். புத்தகம் வாங்கும் நேரத்தில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். கல்கி, புதுமைப்பித்தன் இருவர் எழுத்தும் நாட்டுடைமை ஆனவை. மதுரைத் திட்டம் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். கண் மங்கியவர்கள் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பது அதில் பெரிய வசதி. புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒருநாள் போய் வாருங்கள். ஆனால் முதல் வருஷமே பை நிறைய வாங்க வேண்டாம். நூலகத்தில் எடுத்துப் படித்து, திருப்பிக் கொடுக்க மனம் வராத புத்தகம் எதுவோ அதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

திருப்பிக் கொடுக்க வரும்போது புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு உடனே போய்விடாதீர்கள். பிடித்ததா, எந்த இடத்தில் அலுத்தது, யார்மேல் கோபம் வந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த புத்தகத்துக்கு நான் எழுந்து போக முடியும்.